இரைச்சல் அடங்கிய பெட்டி

கசார்வாடிப் பட்டறையின் தகரக் கூரைக்கு அடியில் பிற்பகல் வெயில் புழுங்குகிறது. மேசையில் சிரில் செய்த சிறிய பவர் சப்ளைப் பெட்டி, ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைக் கோடாகக் காட்டும் கருவிக்கானது. பக்கத்தில் பேட்டரி ரேடியோ. பெட்டி இரைச்சல் கிளப்பினால் ரேடியோ கரகரக்கும். கருவியின் கோடும் நடுங்கும். போன வாரம் முழுவதும் கரகரத்த ரேடியோ இப்போது மராத்திச் செய்தியைத் தெளிவாக வாசிக்கிறது. மின்கம்பிக்கும் பெட்டியின் தகரத்துக்கும் நடுவே சிரில் பற்றவைத்த பெரிய கண்டென்சர்கள் இரைச்சலை விழுங்கிவிட்டன. “சத்தம் நின்னுட்டே!” என்று அவன் மனைவி பிலிஸ் டீ டம்ளரை வைத்துவிட்டுப் பெட்டியைத் தொடுகிறாள். ஈரக் கை துள்ளி விலகுகிறது, டம்ளர் உருள்கிறது. சிரில் டெஸ்டரைத் தகரத்தில் வைக்கிறான். டெஸ்டருக்குள் செம்மஞ்சள் வெளிச்சம் எரிகிறது. சோதனைப் பல்பின் ஒரு கம்பியைச் சுவரில் கரண்ட் துளையிலும் மறுகம்பியை எர்த் துளையிலும் செருகுகிறான். பல்பு எரியவில்லை; எர்த் துளை மண்ணோடு சேரவே இல்லை. கண்டென்சர்கள் வழியே கசிந்து மண்ணுக்குப் போகவேண்டிய கரண்ட் வழியில்லாமல் தகரத்திலேயே நிற்கிறது.

“காலைல ஆஸ்பத்திரிக்கு அனுப்பின மூணு பெட்டியிலயும் இதே கண்டென்சர்தானா?” என்கிறாள் பிலிஸ்.

“ஆமா.”

“ஆஸ்பத்திரில எர்த் இருக்கும்லா?”

சிரில் ஆஸ்பத்திரிக்கு டெலிபோனைச் சுழற்றுகிறான். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ரேடியோ ஒரு கரகரப்பும் இல்லாமல் நாளைய வானிலையைச் சொல்கிறது. விறுவிறுக்கும் கையைப் பிலிஸ் தன் நெஞ்சின்மேல் அழுத்திக்கொண்டு நிற்கிறாள், நோயாளிக்குக் கருவியின் கம்பிகளை ஒட்டும் இடத்தில்.