எட்டில் ஒரு நொடி

மூன்றாவது படமும் ஆடித்தான் விழுந்தது.

நஃபீசா கேமராவின் சின்னத் திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது அவளேதான். ஆனால் மூக்கு இரண்டு, உதடு இரண்டு.

கல்யாண வீடுகளில் பெண்கள் இருக்கும் உள்ளறைக்குள் போய்ப் படமெடுக்க அந்த ஊரில் அவளை விட்டால் ஆள் கிடையாது. ஊர்ப் பெண்களையெல்லாம் எடுத்தவள் இன்று தன்னைத் தானே எடுக்கவேண்டி வந்துவிட்டது. புருஷனை இழந்து, வேற்று ஆண் கண்ணில் படாமல் இத்தாவில் இருக்கிறவளை எந்த ஆண்பிள்ளை வந்து எடுப்பான்? ஜன்னலில்கூடப் போர்வை கட்டியிருந்தது.

புருஷன் சதக்கத்துல்லா பிழைக்கப்போன அரபு நாட்டில், தம்மாமில், மவுத்தாகிப் பதினோரு நாள். இன்னும் ஆஸ்பத்திரியின் ஐஸ் அறையில்தான் கிடக்கிறார். அங்கேயே அடக்கம் செய்ய மனைவிக்குச் சம்மதம் என்று ஒரு கடிதம் போக வேண்டும். அதில் அவளுடைய புதுப் படம் ஒட்டியிருக்க வேண்டும். அப்புறம்தான் அவருக்கு மண்.

அந்தப் புண்ணிய மண்ணில் அடங்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஜமாஅத்தில் சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள். அன்றைக்கு எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பாள்.

ஏற்கெனவே ஒரு படம் அனுப்பியாயிற்று. ஃபிளாஷ் போட்டு எடுத்தது. பின்சுவரில் நிழல் விழுந்திருக்கிறது, செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அதில் நாலு நாள் போயிற்று. செத்த மனுஷனைக் காக்கவைத்துவிட்டு நிழலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், என்ன ஜென்மங்களோ.

ஆக, ஃபிளாஷ் கூடாது. அறையில் இருப்பது ஒரே ஒரு டியூப்லைட். அந்த வெளிச்சத்துக்குக் கேமரா எட்டில் ஒரு பங்கு நொடி திறந்திருந்தாக வேண்டும். அதற்குள் எது அசைந்தாலும் படம் கலங்கிப்போகும்.

வாசல் திரைக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் சுஐபு பைக் சாவியோடு நின்றுகொண்டிருந்தான். ராமநாதபுரத்தில் கூரியர் ஆபீஸை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

கூடத்தில் மாமி உம்மு ஹபீபா, துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"ஒரு சொட்டுக் கண்ணீரு வரலம்மா அவளுக்கு. கல்லாட்டம் உக்காந்திருக்கா."

மாமி சொன்னதில் பொய் இல்லை. மகனைப் பறிகொடுத்தவர், அழுது அழுது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. நஃபீசாவுக்குப் பதினோரு நாளாக ஒன்றுமே தோன்றவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். அழுகை வராதது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மாட்டியிருந்த லென்ஸ் போன லீவில் அவர் வாங்கி வந்தது. எடுப்பவரின் கை நடுங்கினால் உள்ளுக்குள்ளேயே அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். ஸ்டாண்டில் வைத்து எடுக்கும்போது மட்டும் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத நடுக்கத்தைச் சரிசெய்கிறேன் என்று அதுவே படத்தை ஆட்டிவிடும்.

லென்ஸின் பக்கவாட்டில் பார்த்தாள். பொத்தான் ஆனில்தான் இருந்தது. இத்தனை வருஷம் கேமரா பிடித்தவள் செய்கிற காரியமா இது?

அணைத்தாள். டைமரை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கேமராவின் சிவப்பு விளக்கு மினுங்கி மினுங்கி, கடைசியில் கிளிக் என்றது.

நாலாவதும் ஆடியிருந்தது.

மின்விசிறியை நிறுத்தினாள். ஸ்டாண்டின் திருகுகளை இறுக்கினாள். ஒரு காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவதை எடுத்தாள். அதே கதைதான்.

இந்தத் தடவை முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த சுவரைப் பெரிதாக்கினாள். பழைய ஆணி ஓட்டை, சுற்றிலும் பெயர்ந்த சுண்ணாம்பு, அதன் ஓரமாக அசையாமல் நிற்கும் ஓர் எறும்பு. எறும்பின் கால்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன.

ஸ்டாண்ட் ஆடவில்லை. கேமராவும் ஆடவில்லை.

நஃபீசா முழங்காலின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். முழங்கால் அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. மேலே வைத்த கையும்தான். எத்தனை நாளாக இப்படி என்று தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

நிறுத்தப் பார்த்தாள். அவள் பேச்சை அது கேட்கிற மாதிரி இல்லை.

பெட்டியைத் திறந்து அவளுடைய பழைய ஐம்பது எம்.எம். லென்ஸை எடுத்து மாட்டினாள். நடுக்கத்தைச் சரிக்கட்டும் வித்தையெல்லாம் அதற்குத் தெரியாது. ஆனால் வாய் அகலம். அதே டியூப்லைட்டில் பத்து மடங்கு வெளிச்சத்தை அள்ளிக்கொள்ளும். எண்பதில் ஒரு நொடி திறந்தால் போதும். அத்தனை சின்ன நேரத்துக்குள் யாருடைய நடுக்கமும் தெரியாது.

படம் சுத்தமாக விழுந்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை.

பிரிண்ட் எடுத்து, வெட்டி, கடிதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது மாமி உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்.

"பேங்குக்குக் குடுக்குற படமாட்டம்ல இருக்கு" என்றார்.

அந்த ஐந்தாவது படத்தைக் காட்டலாமா என்று நஃபீசா நினைத்தாள். காட்டவில்லை.

கடிதத்தைக் கவரில் போட்டுத் திரை இடுக்கு வழியாக நீட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து சுஐபு கவரைப் பிடித்தான். ஒரு தடவை இழுத்தான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை இழுத்தான்.

"மைனி, விடுங்க. நேரமாச்சு."

விட்டுவிட்டதாகத்தான் நஃபீசா நினைத்திருந்தாள்.