உப்புக்காற்று கொடுத்த இணைப்பு

ஃபேன் சுவிட்சைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய தன் ஆபீஸ் முதலாளி அண்ணாச்சியைப் பற்றி, 'நண்டு' என்ற புனைபெயரில் எழில்மொழி தன் வலைப்பதிவில் எழுதியிருந்தாள். வழக்கமாகப் பத்துப் பேர் படிப்பார்கள். முகம் தெரியாத 'உப்புக்காற்று' என்ற பதிவர், "அவசியம் படியுங்கள்" என்று தன் பதிவில் இணைப்பு கொடுத்துவிட, ஒரே நாளில் ஊரே படித்துவிட்டது.

"எழிலு, பேஜாராயிட்ச்சி! அண்ணாச்சி அத்ததான் படிச்சிகினு கீறாரு" என்று கிசுகிசுத்தான் பக்கத்து மேஜை அன்புமணி.

அவள் தன் திரையை அவசரமாக அணைத்தாள். "இன்னா பண்றது? அந்த உப்புக்காத்து மட்டும் கையில மாட்னான், கிழிச்சிடுவேன். இணைப்பு குடுன்னு நான் கேட்டனா?"

"எழில்மொழி, உள்ள வாம்மா."

வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே போனாள். முதலாளி ராசையா அண்ணாச்சி கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தார்.

"ராயபுரத்துல ஃபேனப் பூட்டி வச்ச ஆபீஸு இது ஒண்ணுதானம்மா. நண்டு நீதான?"

அவள் மெல்லத் தலையாட்டினாள்.

அவர் பூட்டுச் சாவியை அவள் பக்கம் தள்ளினார். "ஃபேனப் போட்டுக்கோ. என்னயத் திட்டினாலும் எழுத்து நல்லாருந்துச்சு, அதான் இணைப்பு குடுத்தேன். பதிலுக்கு என் கவிதைக்கு ஒரு பின்னூட்டமாவது போட்டியா நீ?"