நாற்பத்தொன்றாவது பலகை

குட்டியன் பதினேழாவது பலகையிலிருந்து விழுந்து செத்தான். இன்றைக்கு மட்டும் அறுபத்திரண்டாவது முறை.

கொன்றவர் முதலாளி. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கட்டை விரலை உதறிக்கொண்டார். அந்த விளையாட்டை எழுதியவள் எதிரே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் செய்தது ரொம்பச் சின்ன விளையாட்டு. திரை முழுக்கக் கருப்பு. நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெளிச்சம், அதற்குள் குட்டியன். அவன் பலகை விட்டுப் பலகை தாவி, நாற்பத்தொன்றாவது பலகைக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்த பலகை எங்கே இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, ஆடுகிறவருக்கும் தெரியாது.

வாங்குவதாகச் சொன்ன கம்பெனி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. யாராவது ஒருவர் அதை ஆடி முடிக்கும் வீடியோ ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும். மனிதப் பிறவியால் முடிக்க முடியாத விளையாட்டை அவர்கள் வாங்க மாட்டார்கள். அவர்கள் வாங்காவிட்டால் இந்த ஆபீசுக்குப் பூட்டுதான்.

மணி நாலரை. ஆபீசில் இருக்கும் ஒன்பது பேரும் ஆடிப் பார்த்துவிட்டார்கள். படம் வரைகிறவர் இருபதாவது பலகை வரை போய், கண்ணில் நீர் கோத்து, ஆளை விடுங்கள் என்று எழுந்துவிட்டார். எழுதியவளுக்கே இருபத்தாறுக்கு மேல் ஓடவில்லை. பெற்ற பிள்ளை முகம் கொடுத்துப் பேசாதது போல் அவளுக்கு வலித்தது.

அப்போதுதான் வேன் அண்ணன் உள்ளே வந்தார். காலையும் மாலையும் அந்த ஒன்பது பேரையும் ஏற்றி இறக்குகிறவர். வாசலிலேயே குப்பைக்கூடையை ஓர் உதை விட்டு, அதனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். தினமும் நடப்பதுதான். அண்ணன் வந்துவிட்டார் என்று கூடைதான் முதலில் சொல்லும் என்பது ஆபீஸ் கிண்டல்.

ஒரே இருட்டு அண்ணே என்று ஆளாளுக்குப் பயமுறுத்தி, சும்மா இருக்கட்டுமே என்று அவர் கையில் போனைக் கொடுத்தார்கள்.

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். குட்டியனைப் பலகையின் இடது ஓரம் வரை நடத்திப் பார்த்தார். வலது ஓரம் வரை நடத்திப் பார்த்தார். அப்புறம் ஒரு தாவு. மறுபடி இடது, மறுபடி வலது, ஒரு தாவு. அவசரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பதினேழு தாண்டியது. இருபத்தாறு தாண்டியது. முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து, உட்கார மறந்துபோனார்.

நாற்பத்தொன்றாவது பலகையில் குட்டியன் நின்று கையை ஆட்டினான். அவன் கையை ஆட்டுவான் என்பதையே அவள் மறந்திருந்தாள்.

வீடியோ நாலு ஐம்பதுக்குப் போனது. நாலு ஐம்பத்திரண்டுக்கு, வாங்கிக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. முதலாளி குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆளாளுக்கு அண்ணனைக் கட்டிப்பிடித்தார்கள். அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இருட்டு இருட்டுன்னு எல்லாரும் பயமுறுத்தினீங்களே, அது எத்தனாவது பலகைல வருது?”

ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது. இன்றைக்கு அண்ணன்தான் ராஜா என்று கத்திக்கொண்டே மற்ற எட்டுப் பேரும் வேனை நோக்கிப் படியிறங்கினார்கள்.

அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

குப்பைக்கூடை ஞாபகம் வந்தது. வேனின் இரண்டு பக்கமும் இருக்கும் கீறல்கள் ஞாபகம் வந்தன. அப்புறம் அந்த முன்சீட்டுப் பழக்கம். முன்சீட்டில் உட்காருகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் இடது காலி, வலது காலி என்று உரக்கச் சொல்ல வேண்டும். வழியெல்லாம் போனையே நோண்டாமல் இருக்க ஒரு விளையாட்டு என்று சொல்லி, அண்ணன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்து வைத்தது. அதற்குச் சண்டை போட்டு, முறை வைத்து உட்காருவார்கள்.

போன வாரம் அவள் முறை. பாதி வழியில் தூங்கிப்போனாள்.

இன்னும் மேசையோரமே நின்றிருந்த அண்ணனின் காதுக்குப் பக்கத்தில் இப்போது கையை நீட்டி ஐந்து விரலையும் ஆட்டினாள். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நாக்கைத் துருத்தினாள். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு குரங்கு மாதிரி குதித்தும் காட்டினாள். அவர் சிரிப்பு அப்படியே இருந்தது.

அண்ணனுக்கு இருட்டு எங்கேயும் தட்டுப்படாதது ஏன் என்று இப்போது புரிந்தது. அவர் பார்க்கும் உலகமே சட்டைப் பொத்தான் அளவுதான்.

வெளியே சொன்னால் அண்ணனின் பிழைப்பில் மண் விழும். சொல்லாவிட்டால், கீழே எட்டுப் பேர் முன்சீட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே சாவியைச் சத்தமில்லாமல் எடுத்தாள். மேசையின் இடது கோடியில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். யார் பார்த்தாலும் தெரிகிற இடம்தான்.

அண்ணன் சாவி இருந்த இடத்தைத் தடவினார். சட்டைப் பையைத் தடவினார். பிறகு நிதானமாகத் தலையை வலது கோடி வரை திருப்பினார். இடது கோடி வரை திருப்பினார். பாட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் பார்வை நின்றது.

கீழே யாரோ ஹாரன் அடித்தார்கள்.

அவர் சாவிக்குக் கையை நீட்டவில்லை. முகத்தைத் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேடி, அவள் முகத்துக்கு வந்து சேர்ந்தார்.

“சாவியைக் காணோம்னு கீழ போய்ச் சொல்லிரும்மா. இனிமே கிடைக்காதுன்னும் சொல்லிரு.”