உத்தரமும் தூணும் சேருமிடம்

பக்கவாதத்தில் விழுந்த என் மனைவி செங்கமலத்தின் வலக்கையைத் தினமும் தூக்கிப் பிடித்து, முழங்கையில் மெல்ல மடக்கிப் பார்க்கிறேன். இரும்புக் கட்டடங்களில் உத்தரமும் தூணும் சேருமிடம் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்று ஒரே மேசையில் கணக்குப் போட்டவர்கள் நாங்கள். நான் ஒன்றைப் பத்தாகப் போடுவேன், அவள் திருத்துவாள்.

"இன்னிக்கு என்னமா எதிர்க்குது! பத்து மாடி தாங்கும்டி," என்றேன்.

"புளுகாதீங்க. நிஜமா எவ்வளவு?" நாக்குக் குழறக் கேட்டாள்.

மறுபடி மடக்கினேன். காற்றில் ஆடும் கதவுபோல் வந்தது.

"இருபது மாடி."

அவள் சிரித்தாள், பாதி முகம்தான் சிரித்தது.

"அப்போ கையை விடுங்க. தானா நிக்குதான்னு பாக்கலாம்."

நான் இன்னும் விடவில்லை.