உறை பிரிக்காத கம்பி

லூர்துசாமி ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டு வாசலில் மல்லாந்து கிடந்து, தன் பழைய பிக்கப் வண்டியின் இரு பக்கமும் அடியில், பாறையில் மோதினால் அடியைத் தாங்கும் இரும்புக் கம்பிகளை மாட்டினார். அவற்றைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை மட்டும் பிரிக்கவில்லை. பெயிண்ட் போய்விடுமாம்!

மறுநாள் மலைப்பாதையில் ஒரு பாறை வந்தது. வலப்பக்கக் கம்பி ஆசையாகக் காத்திருந்தாள். லூர்துசாமியோ அவள்மேல் படாமல் வண்டியை ஒடித்து, பாதையின் நடுமேட்டில் ஏற்றினார். பிக்கப்பின் அடிவயிறு கரகரவென்று உரசியது.

"என்னக்கா அநியாயம் இது?" என்று கொதித்தாள் கம்பி. "அடி வாங்கத்தானே என்னை மாட்டினாரு? உன் வயித்தைக் கிழிச்சு என் பெயிண்டைக் காப்பாத்துவாராமா?"

"நீ புதுசுடி. எனக்குப் பழகிப்போச்சு."

"பழகிட்டா வலிக்காதா? பதில் சொல்லு!"

அடுத்த பாறை வந்தபோது பிக்கப் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காமல் நேராகப் போனாள். டங்! உறை கிழிந்தது.

லூர்துசாமி பதறி இறங்கிக் கம்பியைத் தடவினார். குனிந்து பிக்கப்பின் வயிற்றையும் பார்த்தார். பிறகு மிச்ச உறையைத் தானே உரித்தெடுத்தார்.

"கீறல் விழுந்துடுச்சாடி?" என்றாள் பிக்கப்.

"விழுந்துச்சு. உனக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அப்போ மூக்கைச் சிந்தாம கிளம்புக்கா. அதோ, அடுத்தது வருது."