புகைக்குழாயில் ஒரு துளி

பஸ்ஸின் புகைக்குழாய்க்குள் விரலை விட்டு, ஒட்டிய கரியைப் பார்த்தே எஞ்சினின் நோயைச் சொல்லிவிடுவார் பணிமனை மெக்கானிக் இருளப்பன். பிறகு விரலைப் பழந்துணியில் அழுத்தித் துடைப்பார். முப்பது வருட வழக்கம். அன்று காலை, ஹைட்ரஜனில் ஓடும் முதல் பஸ் மாலையும் சந்தனமுமாகக் கிளம்பியபோது, குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கண்டு குறுக்கே போய் நின்றார். "நிறுத்தும்மா! கேஸ்கெட் போயிருச்சு, எஞ்சினுக்குள்ள தண்ணி எறங்குது. இதோட ஓட்டினா வண்டி செத்துரும்." ஓட்டுநர் பரிமளா இறங்கி வந்தாள். "அண்ணே, இது கோளாறு இல்ல. ஹைட்ரஜன் வண்டி விடுற மூச்சே இந்தத் தண்ணிதான். புகையே கெடையாது." அவர் நம்பவில்லை. குனிந்து விரலை விட்டார். வெதுவெதுப்பாக ஈரம் ஒட்டியது. முகர்ந்தார். தன் கையின் டீசல் வாடைதான் வந்தது. குழாயின் விளிம்பில் கண்ணாடிபோல நின்ற துளி, அவர் விரலுக்கு வந்ததும் கறுத்துப்போனது. பயணிகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். "போகலாமாண்ணே?" என்றாள் பரிமளா. "கொஞ்சம் இரு தாயி" என்றார். இடுப்பிலிருந்த துணியை உருவி, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அதன் பிறகே குழாய்க்கு அடியில் மறுபடி கையை ஏந்தினார்.