ஒரு கதவு மட்டும்

“ஏய்யா மெர்வ், அந்தத் துருப்பிடிச்ச வண்டியிலயா பொண்ணச் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போவ? சிட்னிச் சம்பந்திங்க நம்மளப் பிச்சைக்காரங்கன்னு நினைப்பாங்க!” பண்ணை வாசலில் லொரெய்ன் கத்துகிறாள். “நினைச்சுட்டுப் போகட்டும். கண்ணுக்கு எட்டின கோதுமை நிலமெல்லாம் யாருதுன்னு வண்டியா வந்து சொல்லணும்?” என்கிறார் மெர்வ். வாடகைக்கு வந்த வெள்ளைக் கார் வேலியோரம் பளபளக்கிறது. பக்கத்தில் அவருடைய பழைய யூட், பின்னால் திறந்த தட்டுள்ள சின்னச் சரக்கு வண்டி, கூரை வரை செம்புழுதி. பின்தட்டில் படுத்திருக்கும் நாய் இறங்க மாட்டேன் என்கிறது. மழை பார்த்து வருடக்கணக்காகிறது. இங்கே யாரும் வண்டி கழுவுவதில்லை. ஆனால் யூட்டின் இடதுபக்கக் கதவு மட்டும் வெயிலில் நீலமாக மின்னுகிறது. மணப்பெண் கேட்லின் வெள்ளை உடையைத் தூக்கிப் பிடித்தபடி வந்து அதைப் பார்க்கிறாள். “தண்ணி ஏதுப்பா?” “நான் குளிச்ச தண்ணிதான் கண்ணு. ஒரு கதவுக்குத்தான் பத்துச்சு.” அவள் வெள்ளைக் காரின் பக்கம் திரும்பவே இல்லை. “அம்மா, நான் இதுலதான் போறேன். சம்பந்திங்க என்ன வேணா நினைக்கட்டும்.” லொரெய்ன் முனகிக்கொண்டே தன் புதுச் சால்வையை இருக்கையில் விரிக்கிறாள். பூங்கொத்தோடு நிற்கும் பக்கத்துப் பண்ணைக்காரி நான், கேட்லின் ஏறி உட்கார்ந்ததும் பூக்களை அவள் மடியில் வைத்துக் கதவைச் சாத்துகிறேன். கழுவிய கதவின் ஈரம் என் கையில். நீங்கள் அந்தச் சம்பந்தியாக இருந்தால், இந்த வண்டி வந்து நிற்கும்போது என்ன நினைப்பீர்கள்? மறைக்காமல் பதில் எழுதுங்கள்.